சேவல்கள் கூவாத நான்கு வரிகள்

சியோல், மங்வொன்
6 மார்ச் 2023

யுன்-ஜே தம்பிக்கு,

உன் தொலைபேசியில் என் எண்ணுக்குத் தடை போட்டு வைத்திருக்கிறாய் என்று நம் குழுவின் கடைக்குட்டி கி-தெ சொன்னான். அவன் எண்ணிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, மூச்சுச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துத் துண்டித்துவிட்டாய். பாடகனுக்குக் காது போகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். ஆகவே இது தபாலில் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பாட்டுக்குழு சேப்யோக் முதன்முதலாக மேடை ஏறி வருகிற அக்டோபரோடு இருபத்தைந்து வருடம் ஆகிறது. விடியல் என்று பெயர் வைத்துவிட்டு, விடிவதற்கு முன்பே நம்மை எழுப்பி நடனப் பயிற்சிக்கு ஓட்டிய நம் நிறுவனத்து மோக் தலைவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயரைப் பயன்படுத்த அவர் மகன் சம்மதித்துவிட்டான். ஜம்சில் உள்ளரங்கம் ஒரு நாளுக்குக் கிடைத்திருக்கிறது. மற்ற மூவரும் சரி என்றுவிட்டார்கள். கி-தெக்கு முழங்காலில் அறுவை நடந்திருக்கிறது, ஆனாலும் குதிப்பேன் என்கிறான். நாற்பத்துமூன்று வயதில் இன்னும் கடைக்குட்டி.

நம் ரசிகர் மன்றத்துப் பெண்கள், அதே 'முதல் சேவல்' கூட்டம்தான், இப்போது எல்லோரும் அம்மாக்கள். இருந்தும் அன்று சீருடையாக மாட்டிய செம்மஞ்சள் மழைக்கோட்டைத் தேடி எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறார்களாம். அன்று அசைத்த பலூனுக்குப் பதில் இனி மின்விளக்குக் கோல்.

ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நாம் முதல் இடம் பிடித்த அன்று மேடையில் அழாதவன் நீ ஒருவன்தான். நான் அழுது மூக்கு ஒழுகியதை நாடே பார்த்தது. இந்தத் தடவை நீ அழ வேண்டியதில்லை, வந்து நின்றால் போதும்.

பியோ இன்-சொக்


ஜொன்ஜு
19 மார்ச் 2023

திரு. பியோ இன்-சொக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் வீட்டு முகவரியைக் கொடுத்தது யார் என்று கேட்கப் போவதில்லை, கி-தெவைத் தவிர வேறு ஆள் இல்லை.

என்னைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே பல்கலைக்கழகத்தில் பழஞ்சீன இலக்கியம் நடத்துகிறேன். முனைவர் பட்டம் வாங்கிப் பல வருடங்கள் ஆகியும் இன்னும் பகுதிநேர ஆசிரியன்தான். நிரந்தரப் பதவிக்கு நேர்முகம் போனேன். தேர்வுக்குழுத் தலைவர் என் ஆய்வேட்டைப் புரட்டக்கூட இல்லை. "அந்த பஸ் பாட்டுக்கு ஒரு ஆட்டம் ஆடுவீங்களே, அதக் கொஞ்சம் ஆடிக் காட்டுங்க" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஆடவில்லை. பதவி கிடைக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறேன் என்று சொன்னதற்காக, ஒப்பந்தத்தை முறித்தவன், வேறு நிறுவனத்துக்கு விலை போனவன் என்று மோக் தலைவர் பத்திரிகைகளில் எழுத வைத்தார். அதற்கு நீங்கள் ஒரு வார்த்தை மறுப்புச் சொன்னீர்களா? இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம்.

விட முடியாதது 2001 இலையுதிர்காலக் கூட்டுக் கச்சேரி. எத்தனையோ குழுக்கள், ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரு நிறம், ஒரு பகுதி. பிடிக்காத குழு மேடை ஏறினால் பலூனை இறக்கி வாயை மூடிக்கொண்டு உட்கார்வதுதான் அந்தக் காலத்துச் செருப்படி. அதை எதிர்மன்றத்தார் செய்வார்கள். சொந்த மன்றமே செய்தது எனக்கு மட்டும்தான். மூன்று வருடமாக என் குரல் எனக்கே கேட்காதபடி கத்திய பெண்கள் அவர்கள். வானொலியில் உட்கார்ந்து அதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள், 'ஏழாவது நிறுத்தம்' பாட்டில் என் நான்கு வரி வந்ததும் மொத்தமாக அடங்கிப் போனார்கள். செம்மஞ்சள் பகுதி முழுக்க ஒரே நொடியில் இருட்டாகியது. வயலின் கம்பி அசைவதுகூடக் கேட்டது.

மன்றத் தலைவியோடு பேசுவது உங்கள் பொறுப்பு. நான் விலகுவது வெளியே தெரிந்திருந்தது. நீங்கள் சொல்லாமல் அத்தனை பேரும் ஒன்றாக அடங்க முடியாது. உடை மாற்றும் அறையில் உங்களிடம் நேராகக் கேட்டேன். "நீங்கதானே சொல்லி வெச்சீங்க?" நீங்கள் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி, தலையைக்கூடத் தூக்காமல் சொன்ன பதிலும் நினைவிருக்கிறது. "வேற என்னத்த எதிர்பார்த்த?"

அந்த இருட்டுக்கு முன்னால் இன்னொரு தடவை போய் நிற்க எனக்குத் தெம்பு இல்லை. நான் வரவில்லை.

தோ யுன்-ஜே

பி.கு.: தொலைக்காட்சியில் ஜின்செங் வேர்ச் சாறு விற்கிறீர்கள். நான் பார்ப்பதில்லை, பல்லுக்காகக் காத்திருந்த இடத்தில் ஓடியது. அந்தச் சிரிப்பு மாறவே இல்லை.


சியோல்
2 ஏப்ரல் 2023

யுன்-ஜே,

நான் சொல்லி வைக்கவில்லை. நம்பினால் நம்பு.

அன்று எனக்கும் அது செருப்படியாகத்தான் தெரிந்தது. உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஐந்து பேராக ஏறியதை நீ நான்காக்கிவிட்டுப் போகிறாய், மன்றமும் என்னைப் போலவே நினைக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தில் வந்த பதில் அது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஜின்செங் சாறு நன்றாகப் போகிறது. ஒரு பெட்டி அனுப்பட்டுமா?

இன்னொன்று. நீ வராவிட்டாலும் 'ஏழாவது நிறுத்தம்' இல்லாமல் கச்சேரி முடியாது. உன் நான்கு வரியை யார் பாடுவது என்று பேசினோம். இருவருக்கு ராப் தவிர வேறு எதுவும் வராது, கி-தெக்கு மூச்சு வாங்குகிறது. நான்தான் பாட வேண்டும். குளியலறையில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்-சொக்


ஜொன்ஜு
11 ஏப்ரல் 2023

திரு. பியோ அவர்களுக்கு,

அந்த வரிகள் உங்கள் குரலுக்கு எட்டாது. சுருதியைக் கீழே இறக்கினால் பல்லவி பாதாளத்துக்குப் போய்விடும், இறக்காவிட்டால் நீங்கள் போய்விடுவீர்கள். உங்களைக் காயப்படுத்தச் சொல்லவில்லை, பாட்டைக் காப்பாற்றச் சொல்கிறேன்.

"கடைசிப் பேருந்து போனால் போகட்டும், உன் வாசல்வரை நடந்தே வருவேன்" என்ற இடத்தில் 'நடந்தே' என்பதற்கு முன்னால் மூச்சு எடுக்கக் கூடாது. எடுத்தால் நடக்கிறவன் நின்று இளைப்பாறுகிறான் என்று ஆகிவிடும். 'போகட்டும்' முடிந்ததும் எடுத்து, கடைசிவரை அதிலேயே வர வேண்டும். நீங்கள் 'நடந்தே'க்கு முன்னால்தான் எடுப்பீர்கள். எனக்குத் தெரியும்.

நான் வருகிறேன் என்று இதற்குப் பொருள் இல்லை.

ஜின்செங் வேண்டாம்.

தோ யுன்-ஜே


சியோல்
9 ஜூன் 2023

யுன்-ஜே,

நீ சொன்ன இடத்தில்தான் மூச்சு எடுத்தேன். அதாவது, எடுக்கக் கூடாத இடத்தில். என் மனைவி குளியலறைக் கதவைத் தட்டி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நடந்துகொண்டே படிக்காதே.

நேற்றுப் புச்சொன் நகரத்தில் மன்றத்தாரைச் சந்தித்தேன். மின்விளக்குக் கோலின் நிறம், பாட்டுக்கு நடுவே எங்கே என்ன கத்துவது, எல்லாம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நம் காலத்து மன்றத் தலைவி யொம் மி-ரானை ஞாபகம் இருக்கிறதா? விளக்குக் கம்பம் மாதிரி உயரமாக, விசில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாளே, அவள்தான். இப்போது பல் மருத்துவர். அவள் கேள்வி கேட்டால் இப்போதும் எல்லோரும் வாயைத் திறந்துவிடுகிறார்கள்.

தட்டுத் தட்டாகக் கோழிக்கால் வறுவல் வந்தது. பாட்டு ஆரம்பத்தில் பிறந்த வரிசைப்படி ஐந்து பெயரையும் கத்துவதா, நான்கா என்று ஒருத்தி கேட்டாள். நான்கு என்றேன். நீ ஏன் வரவில்லை என்று மி-ரான் கேட்டாள். எனக்கும் இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது. சொல்லிவிட்டேன். கூட்டுக் கச்சேரியில் நீங்கள் அவனை அவமானப்படுத்தியதை அவன் மறக்கவில்லை, நான் தூண்டிவிட்டேன் என்று வேறு நினைக்கிறான் என்றேன்.

மி-ரான் கையில் இருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவமானமா? அண்ணா, அது நாங்க குடுத்த பரிசு. அந்த வருஷம் ரேடியோவுல அவருகிட்ட என்ன ஆசைன்னு கேட்டாங்க. மேடையில ஒரே ஒரு தடவ என் குரல் எனக்குக் கேக்கணும்னாரு. நாங்க எல்லாரும் கேட்டோம். எங்களத்தான சொல்றாருன்னு வெக்கமாப் போச்சு. அப்புறம் போகப் போறார்னு சேதி வந்துது. போறவருக்கு என்னத்தக் குடுக்குறது? அந்த நாலு வரிய அவருக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணோம்."

பலூனை ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணோட ஒண்ணு உரசினா கிறீச்சுன்னு சத்தம் வருமே. மடியில வெச்சு அமுக்கிக்கிட்டோம். சேவல்ங்க வாய மூடுறது சுலபம்னு நினைச்சீங்களா? நான் கைக்குட்டைய வாயில திணிச்சுக்கிட்டேன். பக்கத்துல இருந்தவ என் தோளக் கடிச்சா. தழும்பு காட்டட்டுமா?"

அதோடு முடியவில்லை, யுன்-ஜே. உன் வரி முடிந்ததும் மொத்தப் பலூனையும் தூக்கி, உன் ஒருவன் பெயரை மட்டும் கத்துவதாகத் திட்டம். கத்தினார்கள். நான் மேடையில் நின்று அதைக் கேட்டேன், ஆனால் வழக்கமான கூச்சல் என்றே நினைத்தேன். அதே நேரத்தில் பின்னால் வாணவேடிக்கை வேறு வெடித்தது. நீ அங்கே இல்லை. உன் வரி முடிந்தால் நீ திரும்பிப் பின்வரிசைக்கு நடக்க வேண்டும், நடனம் அப்படி. பின்வரிசையில் நிற்க வேண்டியவன் நிற்காமல் நேராக உள்ளே போய்விட்டாய்.

"நாங்க கூப்பிட்டும் திரும்பாமப் போயிட்டாரேன்னு நாங்கதான் அழுதோம்" என்றாள் மி-ரான். அவர்களும் இத்தனை வருடமாக நீ கோபித்துக்கொண்டு போனதாக நினைத்திருக்கிறார்கள். என்ன தப்பு செய்தோம் என்றுதான் தெரியவில்லையாம்.

எனக்கு அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. பதில் எழுது.

இன்-சொக்


ஜொன்ஜு
17 ஜூலை 2023

இன்-சொக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நம்பவில்லை. ஜின்செங் சாறு விற்கிறவருக்கு முடிவை இனிப்பாக்கத் தெரியும் என்று நினைத்தேன். பதில் எழுதாமல் கோடைக்கால வகுப்புக்குப் போய்விட்டேன். பத்து வருடமாக நடத்துகிற பாடத்தில், நடுவில் ஒரு வரியை மறந்து நின்றேன். பிள்ளைகள் குனிந்து தொலைபேசியைப் பார்த்தார்கள். பெரிய மனது அவர்களுக்கு.

பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. மேடையிலிருந்து உள்ளே போகும் சிமெண்ட் நடைபாதை. அதில் நடந்தபோது பின்னால் பெரிதாக ஒரு கூச்சல் கேட்டது. சுவரே அதிர்ந்தது. அடுத்து ஏற வேண்டிய குழுவின் பையன்கள் எதிரே வரிசையில் நின்றார்கள், எல்லோரும் புதுசு, முகமெல்லாம் மினுமினுப்பு. அந்தக் கூச்சல் அவர்களுக்கு என்று நினைத்தேன். பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அவர்கள் இன்னும் மேடை ஏறவில்லையே. இதை யோசிக்க எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கியவன்.

வானொலியில் சொன்னதும் உண்மை. அதைக் குறையாகச் சொன்னேன் என்பது மட்டும்தான் என் நினைவில் இருந்தது. அதை ஆசை என்று எடுத்துக்கொள்கிற ஆட்கள் எங்கோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அன்று நான் நன்றாகப் பாடினேன். என் குரல் எனக்குக் கேட்டது. பாடும்போதே, ஓ, இப்படித்தான் இருக்கிறதா என்று தோன்றியது. அதற்கு அடுத்த நொடியில்தான் இருட்டைப் பார்த்தேன். அதன்பிறகு அந்தக் குரலை வெளியே எடுக்கவே இல்லை. மகளுக்குத் தாலாட்டுக்கூடப் பாடவில்லை, மனைவிதான் பாடினாள்.

என் கோபத்துக்கு இருபத்திரண்டு வயது. வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். இப்போது திடீரென்று வந்து, அது உன் பிள்ளை இல்லை என்கிறீர்கள்.

பயிற்சி எந்த நாளில்? செவ்வாய் என்றால் எனக்கு வகுப்பு இல்லை. அந்தப் பழைய வெள்ளி நிறக் கால்சட்டை போட மாட்டேன். தலைக்குச் சாயம் அடிக்க மாட்டேன். நடனத்தில் தரையில் உருளும் இடம் ஒன்று இருந்தது, அதை எடுத்துவிட வேண்டும்.

மி-ரானிடம் ஒன்று சொல்லுங்கள். அவர்கள் இந்தத் தடவையும் நல்லது செய்வதாக நினைத்து அமைதியாக இருந்து தொலைக்கக் கூடாது. பரிசு என்று தெரிந்தாலும் என்னால் தாங்க முடியாது. எனக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே அமைதி கிடைத்துவிட்டது.

தோ யுன்-ஜே


சியோல்
25 ஜூலை 2023

யுன்-ஜே,

செவ்வாய்தான். உருளும் இடத்தை எடுத்துவிட்டோம், கேட்காமலேயே, நால்வரும் ஒரே குரலில்.

மி-ரானிடம் சொன்னேன். "அண்ணா, அத மட்டும் எங்ககிட்ட விட்டுடுங்க" என்றாள். அவள் சிரித்த விதத்தில் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

குளியலறைப் பயிற்சியை நிறுத்திவிட்டேன். மனைவி உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

இன்-சொக்


ஜொன்ஜு
24 அக்டோபர் 2023

இன்-சொக் அண்ணனுக்கு,

உங்கள் எண்ணுக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள்.

கச்சேரி முடிந்த மறுநாள் முதல் ரயிலில் ஊர் வந்து, நிலையத்துக்கு எதிரே முளைப்பயறு சூப்பில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். கடைக்காரம்மா என் முகத்தையும் சுவர்த் தொலைக்காட்சியில் ஓடிய செய்தியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இன்னொரு முட்டை உடைத்து ஊற்றினார். பத்து வருடமாக அங்கே சாப்பிடுகிறேன். இரண்டாவது முட்டை இதுதான் முதல் தடவை.

மேடைக்கு ஏறும் படியில் என் கால் நடுங்கியதை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "என்னடா, முழங்கால் அறுவை கி-தெக்கா உனக்கா?" என்றீர்கள். அதற்காக உங்களை மன்னிக்க இன்னும் நேரம் எடுக்கும்.

பாட்டு ஆரம்பித்தது. பெயர்கள் வந்தன. உங்கள் பெயர், இரண்டாவது, மூன்றாவது. நான்காவதற்கு முன்னால் என் காதுக்குள் மறுபடியும் அந்த வயலின் கம்பி. பிறகு என் பெயர். அதை ஒரு தடவை கத்திவிட்டுக் கி-தெவின் பெயருக்குப் போக வேண்டியவர்கள் போகவில்லை. மறுபடியும் என் பெயர். இன்னொரு தடவையும் என் பெயர். கி-தெ என்னைப் பார்த்து, "அப்ப என் பேரு? நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று ஒலிபெருக்கியில் கேட்டானே, அது நிகழ்ச்சியில் எழுதி வைத்தது என்று பத்திரிகைகள் சொல்கின்றன. எழுதி வைக்கவில்லை என்று எங்காவது சொல்லிவிடுங்கள், பாவம்.

என் நான்கு வரி வந்தபோது அவர்கள் செய்ததைக் கூச்சல் என்று சொல்ல முடியாது. நாற்பது வயதுப் பெண்கள், மூன்று பேறுகால வலியைப் பார்த்த தொண்டைகள். செம்மஞ்சள் ஒளி ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. பாடுவது கேட்கட்டும் என்று காதில் மாட்டிவிட்ட கருவி இருந்தும் என் குரலில் ஓர் எழுத்துக்கூட எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைந்தது, அவ்வளவுதான் தெரியும். வரி முடிந்ததும் திரும்பிப் பின்வரிசைக்கு நடந்தேன். நடந்து, நின்றேன். நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன். வேறு என்ன சொல்ல, அண்ணா. மூச்சு விட்டேன்.

முடிந்த பிறகு மி-ரான் வந்தாள். தொண்டை கட்டிப்போய், காற்று மட்டும் வந்தது.

"கேட்டுச்சாண்ணா உங்க குரலு?" என்றாள்.

"ஒண்ணுமே கேக்கல."

"அப்பாடா" என்று அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நேர்முகத்தில் என்னை ஆடச் சொன்ன குழுத் தலைவர் இன்று காலை செய்தி அனுப்பியிருந்தார். அவர் மனைவி பழைய சேவலாம், ஒரு கையெழுத்து வேண்டுமாம். மனைவிக்குப் போட்டு அனுப்பிவிட்டேன். அவருக்குப் பதில் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். எல்லாக் கோபத்தையும் ஒரே வாரத்தில் விட்டால் இந்த வயதில் உடம்புக்கு ஆகாது.

மகள் ஒளிப்பதிவை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். நான் அடுத்த அறையில் இருந்து கேட்டேன். கூச்சலுக்கு அடியில் எங்கோ என் குரல் இருக்கிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள், உங்கள் காதும் போகவில்லை. கடைசி வரியில் 'நடந்தே'க்கு முன்னால் மூச்சு எடுத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்ல வேண்டாம்.

யுன்-ஜே